இடி இடித்தால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விடும் பஞ்சு

சென்னையின் தென்பகுதியில், ஏரியை ஒட்டிய தெரு ஒன்றில், முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஆசிரியை ஒருவர் கால்நடை மருத்துவரான எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் கணவர், மாமியார், ஒன்பது வயது மகள், கூடவே பஞ்சு என்ற ஆண் பூனை. பஞ்சுவுக்கு நான்கு வயது. மழை நாளொன்றில் பைக்குக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த மூன்று மாதக் குட்டியைத் தூக்கி வந்து வளர்த்திருக்கிறார்கள். கருத்தடை ஆகிவிட்டது. ஆரம்பத்திலிருந்தே பயந்த சுபாவம். காலிங்பெல் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவானாம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் கரண்ட் இல்லை. கீழ்வீட்டில் தண்ணீர் புகுந்து, அங்கிருந்த எட்டுப் பேரும் சாமான்களோடு மேலே வந்து தங்கியிருக்கிறார்கள். "அதிலிருந்து அவன் வேறு பூனையாகிவிட்டான்" என்கிறார்.

இப்போது தூரத்தில் இடி உருண்டாலே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்கிறான். இரவு முழுக்க வெளியே வருவதில்லை, சாப்பிடுவதில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ராத்திரி இடி மழை. ஷாக் அடித்துவிடுமோ என்று பயந்து, துடைப்பத்தால் தட்டி அவனை வெளியே வரவைத்திருக்கிறார். பாய்ந்து வந்தவனை மகள் வாரி அணைக்க, முழங்கைக்குக் கீழே கடித்துப் பிறாண்டிவிட்டான். மாமியார் மஞ்சள் வைத்துக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதே வாரம் இரண்டு தடவை மெத்தையில் சிறுநீர் கழித்திருக்கிறான். "மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம், பிழைத்துக்கொள்ளும். பூனைக்கு வீடுதான் முக்கியம், மனுஷங்க இல்லை" என்கிறார் கணவர். சளி மாத்திரை பாதி கொடுத்தால் தூங்கிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மழையில் பால்கனியில் விட்டுப் பழக்கினால் பயம் தெளிந்துவிடும் என்பது இன்னொருவர் யோசனை. "தடவிக்கொடுத்துத் தடவிக்கொடுத்து நான்தான் கெடுத்துவிட்டேனா டாக்டர்? தீபாவளி வருகிறது, அப்புறம் மழைக்காலம். என்ன செய்வது?" என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள வாசகிக்கு,

பஞ்சுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் மகளின் கையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பூனை கடித்தால் முதல் வேலை, காயத்தைக் குழாயடியில் பிடித்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள் வைக்கக் கூடாது, கட்டவும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபிஸ் ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். கடித்த நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களும் போடுவார்கள். உங்கள் விஷயத்தில் மூன்று வாரம் ஆகிவிட்டது, பஞ்சு நலமாகச் சாப்பிட்டு நடமாடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கடித்த பூனை 10 நாள் கழிந்தும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இருந்திருக்காது. அந்தப் பயத்தை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம். ஆனால் அந்தப் பத்து நாளைக் காத்திருந்து பார்க்கலாம் என்று இன்னொரு முறை இருந்துவிடாதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் பூனையைக் கவனிக்க வேண்டும். பூனையின் பல் ஊசி மாதிரி. மேலே சின்ன ஓட்டைதான் தெரியும், கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். இப்போதும் அந்த இடத்தில் வீக்கமோ வலியோ இருந்தால் குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள். பஞ்சுவுக்குக் கடைசியாக ரேபிஸ் தடுப்பூசி போட்டு இரண்டு வருடம் ஆகிறது என்கிறீர்கள். இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

சரி, இப்போது பஞ்சு.

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கு இடி இடித்தபோது பஞ்சு யாரையும் கடிக்கவில்லை. ஒளிந்துகொண்டான், அவ்வளவுதான். துடைப்பம் உள்ளே வந்து, ஒளிந்த இடமும் கையை விட்டுப் போன பிறகுதான் கடித்தான். இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஷாக் அடித்துவிடுமோ என்ற பதற்றத்தில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் ஒளிவதைத்தான் நோய் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பஞ்சுவின் கைவசம் இருக்கிற ஒரே மருந்து அதுதான்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் சில நாளிலேயே தேறிவிட்டன. மற்றவற்றுக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு அட்டைப்பெட்டி செய்த வேலை அது. என் சிகிச்சை அறையிலும் தினமும் இதைத்தான் பார்க்கிறேன். பிளாஸ்டிக் கூடையில் போட்டு மேலே துப்பட்டா கட்டிக் கொண்டுவருவார்கள். துப்பட்டாவை முழுக்க எடுக்காமல், பாதி மூடியபடியே ஸ்டெதஸ்கோப்பை உள்ளே விட்டால் பூனை சத்தமே போடாது. முழுக்க எடுத்தால் மேஜையிலிருந்து பாயும்.

அவன் காதில் என்ன கேட்கிறது

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனையின் காது சுமார் 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எலிக்குஞ்சின் மெல்லிய கீச்சொலியைப் பிடிக்க வேண்டிய காது அது. அந்தக் காதுக்கு இடி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சத்தத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. ஜன்னல் கண்ணாடி அதிரும், தரை அதிரும், மின்னல் வெட்டும், கதவு படீரென்று சாத்தும், கரண்ட் போகும், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து மெழுகுவத்தி தேடி அங்குமிங்கும் ஓடுவோம். பூனை இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் நிறையப் பூனைகள் இடி வருவதற்கு முன்பே, காற்றில் ஜன்னல் தடதடக்கும்போதே ஒளிய ஆரம்பித்துவிடுகின்றன.

பஞ்சுவின் மூட்டையில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. மிக்ஜாம் வந்த அந்த மூன்று நாள், அறிமுகமில்லாத எட்டுப் பேரின் வாசனையும் குரலும் ஈரச் சாமான்களும் அவன் இடத்தில் நிரம்பிவிட்டன. ஒளிய ஓர் இண்டு இடுக்கு மிச்சமில்லை. நீங்கள் அவர்களுக்குக் கதவைத் திறந்தது சரியான காரியம். அதில் பூனை பயந்தது தனிக் கதை. குட்டியாக இருக்கும்போது இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதக் கையும் வீட்டுச் சத்தமும் பழகிய பூனைகள்தான் பெரும்பாலும் தைரியமாக வளர்கின்றன. பஞ்சு உங்களிடம் வந்தபோது அந்தக் காலம் தெருவிலேயே கழிந்துவிட்டது. அவன் பயந்தவன் ஆனதற்கு நீங்கள் தடவிக்கொடுத்தது காரணம் இல்லை.

தடவிக்கொடுத்தால் பயம் கூடுமா?

கூடாது. "பயப்படும்போது கொஞ்சினால், பயப்படுவதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும்" என்று பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உட்கார், வா என்று பழக்கும் விஷயத்துக்கு அந்தக் கணக்கு சரி. பயம் அப்படிக் கற்றுக்கொண்டு செய்வதில்லை, தானாக வருவது. இருட்டில் அழும் குழந்தையைத் தட்டிக்கொடுத்தால் அது நாளைக்கு இன்னும் அதிகமாக இருட்டுக்குப் பயப்படுவதில்லை அல்லவா? பஞ்சு தானாக உங்கள் மடிக்கு வந்தால் தாராளமாகத் தடவிக்கொடுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கையை நீட்டிப் பிடித்து மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு தடவுவது மட்டும் வேண்டாம். அது அவனுக்குத் துடைப்பத்தின் இன்னொரு வடிவம்.

பால்கனியில் விட்டுப் பழக்கும் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். தப்பிக்க வழியில்லாமல் பயத்தின் நடுவில் நிறுத்தினால் பயம் தெளியாது, இன்னும் ஆழமாகப் பதியும். முதல் மாடிப் பால்கனியிலிருந்து குதித்துத் தாடையும் காலும் உடைந்து வந்த பூனைகளுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன்.

என் வீட்டுப் பூனைக்கு எட்டு வயது. அவளுடைய இடம் பீரோவின் கீழ்த்தட்டு. மிக்ஜாம் ராத்திரி நான் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பீரோ பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பழைய வேட்டி மேல் அவள். கண் முழுக்கக் கறுப்பாக விரிந்திருந்தது. மூச்சு விலாவில் படபடவென்று அடித்தது. ஒரு காது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்புவதும் என் பக்கம் வருவதுமாக இருந்தது. நான் பேசவில்லை, கை நீட்டவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம். முக்கால் மணி நேரம் கழித்து முன்னங்கால் இரண்டையும் உள்ளே மடித்துக்கொண்டாள். முதுகு கொஞ்சம் தாழ்ந்தது. வெளியே காற்று அப்படியேதான் இருந்தது. அப்புறம் கழுத்தை நீட்டி என் முட்டியில் தலையால் ஒரு இடி இடித்துவிட்டு, திரும்பவும் உள்ளே போய்விட்டாள். பயந்த பூனைக்குத் துணை இருப்பது என்று நான் சொல்வது இவ்வளவைத்தான்.

ஃபிரிட்ஜைவிட நல்ல இடம்

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வயர் இருக்கிறது, சூடான கம்ப்ரஸர் இருக்கிறது என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அவன் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தான் என்று பாருங்கள். குறுகலான இடம், மூன்று பக்கம் மறைப்பு, கதகதப்பு, வெளிச்சத்தத்தை அமுக்கும் ஒரு சீரான உறுமல். இதே குணங்களோடு இன்னொரு இடத்தை நாம் செய்து கொடுக்க வேண்டும். அவன் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, மழையில்லாத ஒரு நாளில், ஃபிரிட்ஜின் பக்கவாட்டு இடைவெளியை அட்டை வைத்து அடைத்துவிடலாம். வரிசை மாறிவிடக் கூடாது. முதலில் அடைத்தால் பரண் மேலோ கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலோ போவான்.

வீட்டிலேயே ஜன்னல் குறைந்த, நடமாட்டம் குறைந்த மூலையைப் பாருங்கள். மாமியார் அறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அது போதும். மளிகைச் சாமான் வரும் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு வாசல், பக்கத்தில் ஒரு வாசல். ஒரே வாசல் என்றால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அவனுக்கு இருக்கும். மேலே ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள், சத்தம் குறையும். உள்ளே நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய நைட்டியோ புடவையோ போடுங்கள். துவைத்தால் வாசனை போய்விடும். அவன் முகத்தை அடிக்கடி உரசும் துணி ஏதாவது இருந்தால் அதையும் வையுங்கள். பூனையின் கன்னத்தில் சுரக்கும் வாசனைதான் "இது என் இடம்" என்று அதற்குச் சொல்கிறது.

அவனைத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள். தினமும் இரண்டு துண்டு வேகவைத்த மீனை உள்ளே வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் நாலைந்து நாள் ராத்திரியில் வந்து தின்றுவிட்டுப் போவான். பிறகு ஒரு மத்தியானம் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பான். அன்றையிலிருந்து அது அவன் இடம். அவன் உள்ளே இருக்கும்போது யாரும் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, பெருக்கக் கூடாது. இதை மகளிடம் சொல்லி அவளையே காவல் வைத்துவிடுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைகள் இந்த மாதிரிச் சட்டத்தைப் பெரியவர்களைவிட ஒழுங்காகக் காப்பாற்றுவார்கள்.

அவளுக்கு இப்போது அவன் மேல் கொஞ்சம் பயம் வந்திருக்கும். பெட்டியிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து பள்ளிப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தாழ்ந்த, ஒரே சீரான குரல் பூனைக்குப் பிடிக்கும். அவன் பார்த்தால் உற்றுப் பார்க்காமல் மெல்லக் கண்ணை மூடித் திறக்கட்டும். பூனைகளுக்குள் அது சமாதானப் பேச்சு. பதிலுக்கு அவனும் கண்ணைச் சுருக்குவான். ஆனால் காது பக்கவாட்டில் படிந்திருந்தால், உடம்பு தரையோடு ஒட்டியிருந்தால், வால் நுனி துடித்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. பயத்தில் இருக்கும் பூனை தன்னைப் பயமுறுத்தியதைக் கடிக்க முடியாவிட்டால், பக்கத்தில் இருப்பவரைக் கடித்துவிடும். அன்றைக்கு நடந்தது அதுதான். அவள் மேல் அவனுக்குக் கோபம் எதுவும் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாத்திரை விஷயம்

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். நம் ஊர் சளி மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் பாராசிட்டமால் இருக்கிறது. நமக்கு அதைச் செரித்து வெளியேற்றும் நொதி கல்லீரலில் இருக்கிறது. பூனைக்கு அது மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே நான்கு கிலோ பூனையைக் கொல்லப் போதும். ரத்தத்தால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் யாராவது கொடுத்துவிட்டால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். முறிவு மருந்து உண்டு, ஆனால் தாமதிக்கத் தாமதிக்க அதன் பலன் குறைந்துகொண்டே போகும்.

பூனைக்கு என்றே கொடுக்கக்கூடிய பயம் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. கபாபென்டின் என்ற மருந்தை நாங்கள் இதற்குப் பயன்படுத்துகிறோம். சத்தம் ஆரம்பிக்க இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். அதனால் திடீர் இடிக்கு அது அவ்வளவு உதவாது, தீபாவளிக்கு உதவும். எவ்வளவு கொடுப்பது என்பதை எடையும் சிறுநீரகமும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும் என்பதால் இங்கே அளவு எழுதவில்லை. முதல் வேளையை அமைதியான ஒரு நாளில் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடை கொஞ்சம் தள்ளாடும், அன்று உயரத்தில் ஏற விடக் கூடாது. அசிப்ரோமசின் என்று ஒரு பழைய மருந்து உண்டு. அதை மட்டும் தனியாகக் கொடுத்தால் உடம்பு துவண்டுவிடும், மனதிலிருக்கும் பயம் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தூங்குவதுபோல் தெரியும். அதை யாராவது எழுதிக் கொடுத்தால், பயம் குறைய வேறு என்ன கொடுக்கலாம் என்று கேளுங்கள்.

பூனையின் கன்ன வாசனையைச் செயற்கையாகச் செய்து, கொசு லிக்விட் மாதிரி பிளக்கில் மாட்டும் கருவி கிடைக்கிறது. சில பூனைகளுக்குப் பலன் தெரிகிறது, சிலவற்றுக்குத் தெரிவதில்லை. விலை அதிகம். கரண்ட் போனால் வேலை செய்யாது, நம் ஊர் புயலில் முதலில் போவது கரண்ட்தான். அட்டைப்பெட்டிக்குப் பிறகு யோசியுங்கள்.

மெத்தையில் சிறுநீர்

பழிவாங்குகிறான் என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பூனைக்கு அப்படித் தோன்றுவதில்லை. உங்கள் வாசனை அதிகம் இருக்கும் மெத்தையில் அவன் வாசனையையும் கலப்பது, பயத்தில் அவன் தேடும் ஆறுதலாக இருக்கலாம். மண் தட்டு பால்கனியில் இருக்கிறது என்று ஒரு வரி வருகிறதே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இடி இடிக்கும் ராத்திரியில் அவன் எப்படிப் பால்கனிக்குப் போவான்? பெட்டியிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, வீட்டுக்குள் இன்னொரு தட்டு வையுங்கள்.

ஆனால் இதைவிட முக்கியமாக ஒன்று. மன அழுத்தத்தில் பூனைகளுக்குக் கிருமித்தொற்று இல்லாமலே சிறுநீர்ப்பை புண்ணாவது உண்டு. ஆண் பூனைக்குக் குழாய் மிகவும் குறுகல், அடைத்துக்கொள்ளும். மண் தட்டுக்கு அடிக்கடி போய் முக்குகிறான், சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை, கத்துகிறான், அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கிறான் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். முழு அடைப்பு இரண்டு மூன்று நாளில் உயிரை எடுத்துவிடும். தடுப்பூசிக்குப் போகும்போதே அவனுடைய சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பூனை ஒரு நாளுக்கு மேல் சுத்தமாகச் சாப்பிடாமல் இருந்தாலும் காட்ட வேண்டும். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து பழுதாகிவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

மெத்தையையோ தரையையோ ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். அதில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சமாளிக்க முடியாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போகும். சோப்புத் தூள் கரைசலில் துடைத்து வெயிலில் காய வையுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் என்ஸைம் கலந்த திரவம் கிடைக்கும், வாசனை முழுதாகப் போக அது நல்லது.

மீன் மார்க்கெட்

உங்கள் கணவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, மகளின் கையைப் பார்த்துப் பயந்திருக்கிறார். அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பூனைக்கு வீடுதான் முக்கியம் என்று அவர் சொல்வது ஓரளவு உண்மை. அப்படியென்றால் வீட்டிலிருந்து கொண்டுபோய் விடுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். மார்க்கெட்டில் ஒவ்வொரு கடைக்கு அடியிலும் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கும், நாய்கள் இருக்கும். மீன் கூடை கீழே வைக்கும் சத்தத்துக்கே ஒளியும் பஞ்சுவுக்கு அங்கே ஒரு துண்டு மீன் கிடைக்காது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆம் பிரிவு, வளர்த்த பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவதைக் குற்றம் என்கிறது. மனிதர்கள் மேல் பாசம் இல்லை என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் மூன்றில் இரண்டு பங்கு பூனைக்குட்டிகள் தங்களை வளர்ப்பவரைப் பாதுகாப்பான துணையாக எடுத்துக்கொண்டன. புது இடத்தில் சிறிது நேரம் தனியாக விட்டு, அவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து இயல்பாகிவிட்டன. கைக்குழந்தைகளிடம் செய்யும் சோதனை மாதிரியே செய்து பார்த்தார்கள்.

எல்லாம் செய்தும் ஆறு மாதத்தில் முன்னேற்றம் இல்லை, குழந்தைக்குத் திரும்பவும் ஆபத்து என்றால், குழந்தைகள் இல்லாத அமைதியான ஒரு வீட்டை நீங்களே தேடி, நேரில் பார்த்து ஒப்படைக்கலாம். அதில் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. ஆனால் அந்த நிலைமை வரும் என்று உங்கள் கடிதத்தை வைத்து எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளியும் புயலும்

தீபாவளியில் ஒரு சௌகரியம், எப்போது சத்தம் வரும் என்று முன்பே தெரியும். 2018இல் உச்ச நீதிமன்றம் நேரக் கட்டுப்பாடு விதித்ததிலிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அறிவிக்கிறார்கள். அதற்கு வெளியேயும் வெடிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும், இருந்தாலும் உச்சம் அந்த நேரங்களில்தான். முதல் நாள் மாலையிலிருந்தே ஜன்னலையும் பால்கனிக் கதவையும் சாத்திவிடுங்கள். பூனைகள் காணாமல் போய்விட்டன என்று எனக்கு அதிகம் போன் வருவது தீபாவளிக்கு மறுநாள்தான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே நன்றாகச் சாப்பாடு போடுங்கள். பெட்டி இருக்கும் அறையில் ஃபேனை வேகமாக வைத்து, ரேடியோவைத் தாழ்ந்த சத்தத்தில் போடுங்கள். சாம்பிராணிப் புகையும் கற்பூரமும் அந்த அறைக்கு வேண்டாம். பட்சணம் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஹாலோடு நிற்கட்டும்.

புயலுக்கு ஒரு பை தயாராக இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கான உணவு, மண், தண்ணீர் பாட்டில், அவன் மருந்து, தடுப்பூசி அட்டையின் நகல், முகமும் உடம்பும் தெரியும் அவனுடைய போட்டோ ஆகியவற்றை ஜிப் கவரில் போட்டு வையுங்கள். கூண்டு அவசியம். அதைப் பரணில் வைத்திருந்து, டாக்டரிடம் போகும்போது மட்டும் இறக்கினால் அவன் அதைப் பார்த்ததும் ஓடுவான். கதவைத் திறந்தபடி ஹாலில் ஒரு மேஜை நாற்காலி மாதிரி எப்போதும் கிடக்கட்டும், அவ்வப்போது உள்ளே கருவாட்டுத் துண்டு ஒன்று வையுங்கள். கீழ்வீட்டுக்காரர்கள் திரும்பவும் மேலே வர நேர்ந்தால், மாமியார் அறையை மட்டும் பஞ்சுவுக்கும் மாமியாருக்கும் ஒதுக்கிக் கதவைச் சாத்திவிடுங்கள். வெள்ளம் உங்கள் வீட்டுக்கே வந்தால் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் பூனையோடு போகலாம் என்று இப்போதே கேட்டு வையுங்கள். நிவாரண முகாமில் பிராணிகளைச் சேர்ப்பார்கள் என்று நம்பிப் போக முடியாது.

பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் பயிற்சி மாசி, பங்குனியில்தான். பதிவு செய்த இடிச் சத்தத்தை, அவன் காதைக்கூடத் திருப்பாத அளவு மெல்ல வைத்து, அதே நேரம் பிடித்த தீனி கொடுப்பது. நாளுக்கு ஐந்து நிமிடம். வாரத்துக்கு ஒரு பொட்டு சத்தம் கூட்டலாம், சாப்பிடுவதை நிறுத்தினால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். மின்னலையும் தரை அதிர்வையும் ஸ்பீக்கர் தராது, அதனால் இதனால் பாதி பயம் குறைந்தாலே பெரிய விஷயம். மழைக்காலத்தின் நடுவில் ஆரம்பிக்காதீர்கள். பழக்கும்போது நிஜ இடி விழுந்தால் எல்லாம் பாழாகிவிடும்.

அதுவரைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு இடி மழைக்கும் பஞ்சு எத்தனை மணிக்கு ஒளிந்தான், எங்கே ஒளிந்தான், எத்தனை மணிக்கு வெளியே வந்தான், எப்போது சாப்பிட்டான் என்று மகளை எழுதச் சொல்லுங்கள். தடுப்பூசிக்குப் பிறகு அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதைக் காட்டுங்கள். போன தடவை காலை ஏழு மணிக்கு வந்தவன் இந்தத் தடவை நாலு மணிக்கு வந்திருக்கிறான் என்றால், பெட்டி வேலை செய்கிறது, மருந்து பற்றி அவசரப்பட வேண்டாம் என்று அவருக்கும் தெரிந்துவிடும்.